ஏழாம் எண் ரோட்டார்

1941 டிசம்பர் 9, மேடான், சுமத்ரா

பட்டறைக்கு வந்த நோட்டுகளில் ஒன்று மிஞ்சியது. எடுத்துக்கொண்டேன். தமிழில் எழுதினால் இங்கே டச்சுக்காரனுக்கும் புரியாது, ஜாவாக்காரனுக்கும் புரியாது. அதுவே ஒரு நிம்மதி.

நேற்று ஜப்பானோடு யுத்தம் என்று அறிவித்துவிட்டார்கள். யாருடைய யுத்தம் என்பதில்தான் எனக்குக் குழப்பம். இந்தச் சுமத்ரா டச்சுக்காரர்களுடையது. அவர்கள் தேசத்தை ஜெர்மன்காரன் போன வருஷமே பிடித்துக்கொண்டான். அவர்களுடைய ராணி லண்டனில் இருக்கிறார். நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவன், பிரிட்டிஷ் பிரஜை. சொந்த வீட்டைப் பறிகொடுத்தவர்கள் இங்கே வந்து வாசலைக் காக்கிறார்கள். நான் அவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிறேன்.

என் வேலை ராணுவ மோட்டார் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். போல்ட், பிளக், பெல்ட் எது கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். மற்றதெல்லாம் பெரியவர்கள் பாடு.

டிசம்பர் 14

புகையிலைத் தோட்டத்து லாரிகள் ஒன்பதை ராணுவம் எடுத்துக்கொண்டது. லாரியோடு டிரைவர்களையும் எடுத்துக்கொண்டது. ஏழாவது லாரியிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கியவன் என் மச்சினன் சம்பந்தம்.

"என்னடா, நீயுமா?" என்றேன்.

"லாரிய மட்டும் குடுத்துட்டு நான் எங்க அத்தான் போறது? அது என் கைக்குத்தான் கேக்கும்."

தாய் தகப்பன் காலராவில் போன பிறகு எட்டு வயதிலிருந்து அவனை வளர்த்தவள் என் மனைவி தையல்நாயகி. இப்போது அவனுக்கு இருபத்து நான்கு. இன்னமும் அவனுக்கு மீனில் முள் எடுத்துத்தான் வைக்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

இந்தச் செய்தியை அவளிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் அவனே போய்ச் சொல்லிவிட்டான். சோறு குழைந்துபோய்விட்டது.

டிசம்பர் 20

லாரிகளுக்கு இரும்புச் சட்டை போடுகிறோம். நாலு பக்கமும் தகடு, டிரைவர் முகத்துக்கு எதிரே கைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு கீற்று. மேலே மூடி இல்லை. பின்னால் பன்னிரண்டு சிப்பாய்கள் உட்காரலாம். தகட்டின் கனம் தாங்காமல் பின் ஸ்பிரிங் குனிந்துவிட்டது. மழை பெய்தால் குடை பிடிப்பதா, துப்பாக்கி பிடிப்பதா என்று சுகிமான் கேட்டான்.

சுகிமான் நாலாம் வண்டி டிரைவர், ஜாவாக்காரன். சம்பந்தத்தோடு ஒரே தோட்டத்தில் ஓட்டியவன். எதை வாங்கினாலும் நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்வான். அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

ஆயுதங்களும் வந்து இறங்கின. மெஷின் கன் ஒன்று ஆஸ்திரியாவில் செய்தது, தண்ணீர் ஊற்றினால்தான் சூடு தணியும். சின்னது டென்மார்க்கில் செய்தது. லாரி அமெரிக்கா. துப்பாக்கி எல்லாம் நான் பிறப்பதற்கு முந்தைய மாடல். இவற்றோடு ஆளுக்கு ஒரு குட்டை வாள். டச்சுக்காரர்கள் கையால் செய்தது எது என்று தேடினேன். ரசீதுதான்.

டிசம்பர் 22

புது உத்தரவு. எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ரோட்டார் என்று ஒரு துண்டு இருக்கிறது. பெருவிரல் அளவுதான். அது சுற்றித்தான் ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் போகும். அது இல்லாவிட்டால் வண்டி வெறும் இரும்பு. எதிரி வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமலிருக்க, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு டிரைவர்கள் ரோட்டாரைக் கழற்றி என்னிடம் கொடுக்க வேண்டும். நான் ஒன்பது ஆணி அடித்த பலகையில் மாட்டிப் பூட்ட வேண்டும். காலையில் டிரைவர் தன் வண்டி எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டு ரோட்டாரை வாங்கிப் போவான். சாயங்காலம் ரோட்டாரைக் கொடுத்துவிட்டு வில்லையை வாங்கிக்கொள்வான்.

எங்கள் பட்டறையின் டச்சு சார்ஜெண்ட் டெர்ப்ஸ்ட்ரா என் தோளைத் தட்டி, "இனிமே இந்த ஒம்பது வண்டியும் உன் சட்டைப்பையிலதான்" என்றார். அவர் பேசுவது அரைகுறை மலாய்; நாங்கள் அவரைத் துவான், அதாவது துரை, என்போம். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதிவைக்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

டிசம்பர் 28

விமானங்கள் வரிசையாக வந்தன. நம் விமானப்படை வந்துவிட்டது என்று பட்டறை முழுக்க முற்றத்துக்கு ஓடிவந்து கைதட்டினோம். சார்ஜெண்டும் தட்டினார். பிறகு விமானத் தளத்தின் மேல் குண்டு விழுந்தது.

1942 ஜனவரி 6

நம் விமானிகளுக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று பானெட்டில் ஆரஞ்சு நிற முக்கோணம் வரையச் சொன்னார்கள். வரைந்தோம். எதிரிக்கும் தெரிகிறது என்று அழிக்கச் சொன்னார்கள். அழித்தோம். இன்று பாதி அளவில் மறுபடி வரையச் சொல்கிறார்கள். ஆரஞ்சுப் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. சிவப்பில் மஞ்சளைக் கலந்து சமாளித்தேன்.

ஜனவரி 14

பொங்கல். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சம்பந்தம் மட்டும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பட்டறைக்கு ஓடினான். அடுத்த வாரம் இரும்பு வண்டிகள் கிழக்குக் கடற்கரைக்குக் காவலுக்குப் போகின்றன. அவனுக்குத் திருவிழாவுக்குப் போகிற உற்சாகம்.

தையல்நாயகி கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தச் சின்ன சாமான் எல்லாம் உங்ககிட்டதான இருக்கு?"

"எது?"

"அது இல்லன்னா வண்டி போவாதுன்னீங்களே. ஒரு வண்டி போவலன்னா ஒலகம் முழுவிப்போயிடுமா?"

"ராணுவச் சாமான், தையலு. வெளாடக்கூடாது."

"எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன். வெள்ளக்காரன் ராணிக்காவ நான் அவன வளக்கல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன்.

ஜனவரி 17

ரோட்டார்களைத் துடைத்தேன். ஏழாம் எண் கைதவறி சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை.

ஜனவரி 21

ஒன்பது வண்டிகளும் கிளம்பின. எட்டுதான் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தன. ஏழாவது நாலு மைல் தாண்டி நின்றுவிட்டது. மாடுகளைக் கட்டி இழுத்து வந்தார்கள். சம்பந்தத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என்ன காரணம் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

தையல்நாயகி இன்று மீன் குழம்பு வைத்தாள்.

ஜனவரி 24

சம்பந்தம் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பெட்ரோல் பைப்பை ஊதினான். பிளக்குகளை மாற்றினான். குளிர்ந்திருக்கும்போது ஒரே சுற்றில் கிளம்புகிறது. சூடேறியதும் இருமி இருமி நின்றுவிடுகிறது. பிறகு அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது மாதிரி கிளம்புகிறது.

வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ராணுவ வண்டிக்குச் சேதம் செய்கிறவன் சுட்டுக்கொல்லப்படுவான் என்று மூன்று பாஷைகளில் இருக்கிறது. தமிழில் இல்லை. ஜாவாவிலிருந்து உபரி ரோட்டார் ஒரு டஜன் வேண்டும் என்று எழுதிப்போட்டேன். எதற்கு என்று சார்ஜெண்ட் கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்றேன்.

ஜனவரி 30

மறுபடி காவல் பயணம். மறுபடி ஏழு நின்றது. இந்த முறை மூன்றரை மைல். சிப்பாய்கள் வண்டிக்குப் பல்லக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள், எப்போதும் ஆள்தான் தூக்க வேண்டியிருக்கிறதாம். தோட்டத்துப் பையனுக்கு யுத்தம் என்றால் பேதி என்று ஒருவன் சொன்னான். சம்பந்தம் அவன் சட்டையைப் பிடித்தான். சுகிமான்தான் நடுவில் புகுந்து விலக்கினான்.

பிப்ரவரி 1

தைப்பூசம். ஊர்வலம் கூடாது, கொட்டு கூடாது, சூடம் கொளுத்தினால் புகை மேலே தெரியும் என்று தடை. கோயிலுக்குள் கையை மட்டும் கூப்பிவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் அக்காளை முன்னால் நடக்கவிட்டுச் சம்பந்தம் என்னோடு பின்தங்கினான்.

"அத்தான், நேத்து சுகிமானோட ரோட்டார வாங்கி என் வண்டியில போட்டு ஓட்டிப் பாத்தேன். பன்னெண்டு மைல் ஓடிச்சு. நிக்கவே இல்ல."

நான் நடந்துகொண்டிருந்தேன்.

"நம்மளுத நகத்தால தடவினா ஒரு எடத்துல புடிக்குது. கண்ணுக்குத் தெரியல, மயிரு மாதிரி ஒரு கீறல். சூட்டுல அது விரியுதுபோல இருக்கு."

"பழைய சாமான். இருக்கும்."

"ஆணியில தொங்குற சாமான் எப்படி அத்தான் கீறும்?"

முன்னால் தையல்நாயகி நின்று திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "நான் யாருகிட்டயும் சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடந்து அவளோடு சேர்ந்துகொண்டான். கோயில் பிரசாதத்தை அவனுக்குத்தான் அவள் முதலில் கொடுத்தாள்.

அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

பிப்ரவரி 16

சிங்கப்பூர் விழுந்துவிட்டது. நம்பவே முடியவில்லை. ஜாவாவிலிருந்து உபரி சாமான் கப்பல் வருமா என்று கேட்டேன். சார்ஜெண்ட் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கீறலில் அரக்கு உருக்கித் தடவிப் பார்த்தேன். உரிந்துவிட்டது.

மார்ச் 9

ஜாவா சரணடைந்துவிட்டது என்று ரேடியோ சொல்கிறது. அப்படியானால் யுத்தம் முடிந்ததா? சுமத்ரா சரணடையவில்லை, மலைக்குப் போய் சண்டை போடுவோம் என்கிறார் சார்ஜெண்ட். பெட்ரோல் கிடங்கைக் கொளுத்தச் சொல்லி காலையில் உத்தரவு. கொளுத்தாதே, வண்டிகளுக்கு வேண்டும் என்று மத்தியானம் உத்தரவு. சாயங்காலம் உத்தரவு போடும் அதிகாரியையே காணவில்லை.

ஓடாத வண்டியை இங்கேயே உடைத்துப் போட்டுவிடுவார்களாம். அதன் டிரைவர் வீட்டுக்குப் போகலாம். தையல்நாயகியிடம் சொன்னேன். டிசம்பருக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

மார்ச் 12

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். பிறகு மறந்துவிடும்.

காலை ஏழரை மணி. பெலாவன் துறைமுகத்துப் பக்கம் வானம் கறுப்பாக இருந்தது. ஜப்பான்காரன் கரையேறிவிட்டான், ஒரு மணி நேரத்தில் எல்லாரும் மலைக்குக் கிளம்ப வேண்டும் என்று சார்ஜெண்ட் ஓடிவந்தார். ஸ்டோரைக் கொளுத்தப் பெட்ரோல் டின்னோடு இரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

"ஏழாம் வண்டி சூடானா நின்னுடும் துவான், அத விட்டுட்டுப் போலாம்" என்றேன்.

"நிக்கிற வரைக்கும் ஓடட்டும். பன்னெண்டு பேர் நடக்க வேண்டாம்" என்றார்.

பிறகு அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுப்பதற்குப் பொறுமையில்லாமல், பலகையைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒன்பது ரோட்டாரையும் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் கவிழ்த்துவிட்டார். "நம்பர் என்னத்துக்கு? எல்லாம் ஒரே வண்டி" என்றார். மூன்று மாதமாக நான் துடைத்துத் துடைத்து வரிசையாக மாட்டியவை.

டிரைவர்கள் வரிசையில் நின்றார்கள். வில்லையை வாங்கிக்கொண்டு தகரத்துக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன். ஐந்து பேர் போனார்கள். ஆறாவது சம்பந்தம். ஒன்றை எடுத்தேன். அது எண்ணெய்ப் பிசுக்காக இருந்ததால் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்றைக் கொடுத்தேன். அவன் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அடுத்தது சுகிமான். கைக்கு வந்ததைக் கொடுத்தேன். வழக்கம்போல நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சம்பந்தம் தன் வண்டிக்குப் போகாமல் நாலாம் வண்டிக்குப் போனான். இரண்டு பேரும் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு என்னவோ பேசினார்கள். சுகிமான் சிரித்தான். நண்பர்கள், விடைபெற்றிருப்பார்கள்.

ஒன்பது வண்டிகளும் ஒரே சுற்றில் கிளம்பின. ஏழாவது வண்டியின் கீற்றுக்குள் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. அவன் என்னைப் பார்த்தானா என்று சொல்ல முடியவில்லை.

ஒன்பது வில்லைகளும் என் பையில் இருக்கின்றன.

மார்ச் 13

ஜப்பான்காரர்கள் வந்துவிட்டார்கள். இவ்வளவு இரும்பையும் சுமந்து நாங்கள் காத்திருந்தோம், அவர்கள் சைக்கிளில் வந்தார்கள்.

மார்ச் 16

தையல்நாயகி என்னோடு பேசுவதில்லை. பேசினால் ஒரே கேள்வி. "நல்ல சாமானாப் பாத்துத்தான குடுத்தீங்க?" ஆமாம் என்றேன்.

மார்ச் 19

பட்டறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பாதி எரிந்த ஸ்டோரில் அதே நாற்காலி. எதிரே வேறு சார்ஜெண்ட். பலகையில் மறுபடி ஆணி அடிக்கச் சொன்னார்.

மார்ச் 29

மலையில் இருந்தவர்களும் சரணடைந்துவிட்டார்கள். செய்தி ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2

பிடிபட்ட வண்டிகளை இழுத்து வந்தார்கள். நாலு வந்திருக்கின்றன. ஏழாம் எண் இல்லை. நாலாம் எண் இருக்கிறது. முன்தகட்டில் கைமுஷ்டி நுழையும் ஓட்டைகள். சீட்டில் சுகிமானின் கட்டம்போட்ட துண்டு கிடந்தது. அதை நான் வர்ணிக்கப் போவதில்லை.

ரோட்டாரைக் கழற்றிக்கொண்டு வா என்றார் புது சார்ஜெண்ட். மூடியைத் திறந்தேன். நின்றுபோய்த்தான் மாட்டிக்கொண்டிருப்பான் என்று மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை எனக்கு. வெளியே எடுத்து நகத்தால் தடவினேன். வழவழவென்று இருக்கிறது. திருப்பித் தடவினேன். கீறலே இல்லை.

அப்படியானால் சுகிமானுக்கு நான் கொடுத்தது எங்கே? எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே புரியவில்லை.

ஏப்ரல் 5

சம்பந்தம் வந்துவிட்டான்.

மத்தியானம் பின்கதவு வழியாக வந்து நின்றான். காலில் செருப்பு இல்லை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தையல்நாயகி அவன் முகத்தைத் தடவித் தடவி, நம்ப முடியாமல் திரும்பத் திரும்பத் தடவினாள். பிறகு என்னிடம் வந்து, இதற்கு முன்னால் செய்யாத காரியம், என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்கதான் காப்பாத்துனீங்க" என்றாள்.

அவள் உலை வைக்கப் போனதும் அவன் மடியிலிருந்து ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். நகத்தால் தடவிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"இத சுகிமானுக்குக் குடுத்தீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"சம்பந்தம்..."

"அவன்கிட்ட மாத்திக்கிட்டேன். இது என் வண்டியோடது, எனக்கு ராசின்னு சொன்னேன். சிரிச்சிட்டுக் குடுத்துட்டான். எனக்கு அதோட கொணம் தெரியும் அத்தான். நின்னா ஈரத்துணி போட்டு ஆறவெச்சா மறுபடி நாலு மைல் ஓடும். அவனுக்குத் தெரியாது, நடுமலையில மாட்டிக்குவான். அதனாலதான் மாத்துனேன்."

"அப்புறம்?"

"நாலு மைலுக்கு ஒருக்கா நின்னேன். எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க. சுகிமான் நல்லா ஓட்டிக்கிட்டு எல்லாருக்கும் முன்னாடி போனான். பாலத்துக்கிட்ட ஜப்பான்காரன் காத்திருந்தான். நான் போய்ச் சேந்தப்ப எல்லாம் முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆயிருந்துது. மொதல்ல போன நாலு வண்டியிலயும் யாரும் இல்ல. இருந்தாங்க, ஆனா இல்ல. என் வண்டிய பள்ளத்துல தள்ளிட்டு பன்னெண்டு பேரும் காட்டு வழியா நடந்தோம்."

அடுப்படியில் தையல்நாயகி என்னவோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"நீங்க குடுத்த நல்ல சாமான அப்பிடியே போட்டுருந்தா அவன் எடத்துல நான் இருப்பேன்" என்றான் அவன். "நீங்க ஒடைச்ச சாமான்தான் என்னக் காப்பாத்திச்சு. நான் நல்லது பண்றேன்னு அவன அனுப்பி வெச்சேன். இதுல யாரு யார என்ன செஞ்சோம்னே எனக்குத் தெரியல, அத்தான்."

பிறகு கையை நீட்டினான். எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ரோட்டாரக் குடுத்துட்டேன்ல? என் வில்லையக் குடுங்க."

பையில் தேடி ஏழாம் எண்ணை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, இனி இந்த வீட்டில் தங்கமாட்டேன், அக்காவிடம் வேறு காரணம் சொல்லிக்கொள்கிறேன் என்றான். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அவள் மனம் நோகக்கூடாதென்று மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

ஏப்ரல் 7

ஜனவரி 17 அன்று எழுதியது பொய். கைதவறி விழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, துணியில் சுற்றி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். மார்ச் 12 அன்று எழுதியதும் பொய். எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லை. நகத்தில் கீறல் பட்டது, நடுவழியில் நின்றால் மாட்டிக்கொள்வான், இது சம்பந்தத்துக்கு வேண்டாம் என்று போட்டேன். அடுத்து நிற்பவன் சுகிமான் என்று தெரிந்தே அதைத் தேடி எடுத்து அவன் கையில் வைத்தேன்.

இதை எழுத வேண்டியதாயிற்று. ஏனென்றால் இன்று காலை சுகிமானின் மனைவி பொனியெம் பட்டறை வாசலுக்கு வந்தாள். இடுப்பில் கடைசிக் குழந்தை. நாலாம் வண்டியைத் தொட்டுப் பார்க்கக் காவல்காரன் விடவில்லை. என்னிடம் வந்தாள்.

"நடுவழியில வண்டி நின்னுபோச்சா? அதனாலதான் அவர் மாட்டிக்கிட்டாரா?"

"இல்லம்மா. நிக்கல. நல்லா ஓடிச்சு."

"உங்களப் பத்தி அவர் சொல்லுவாரு. ஸ்டோர்காரர் எப்பவும் எனக்கு நல்ல சாமானாப் பாத்துக் குடுப்பார்னு."

நான் பையிலிருந்து நாலாம் எண் வில்லையை எடுத்துக் கொடுத்தேன். ரோட்டாரைத் திருப்பிக் கொடுத்தவனுக்குத்தான் வில்லை என்பது சட்டம். அந்த ரோட்டார் என் பலகையில் நாலாவது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் வில்லையைக் குழந்தையின் கையில் வைத்து மூடினாள். பிறகு அவனைப் போலவே நெஞ்சில் கைவைத்து எனக்கு நன்றி சொன்னாள்.